வால்வு சுருக்கத்துக்குப் பலூன் சிகிச்சை: வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய வார்டில் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது குடியாத்தத்தில் இருக்கிறேன். சுற்று வட்டாரத்தில் யாருக்காவது ‘வால்வு சுருங்கியிருக்கு, பலூன் போடணும்’ என்று வேலூரில் சொல்லி அனுப்பினால், மறுநாள் காலை எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்தான். அவர் சொல்வது புரிய இது உதவினால் போதும்.

வால்வு அடைப்பு என்றால் ஹார்ட் அட்டாக் தானே?

இல்லை. ஹார்ட் அட்டாக்கில் அடைபடுவது இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய். அதற்குத்தான் ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும். இங்கே நாம் பேசுவது இதயத்துக்குள் இருக்கும் கதவைப் பற்றி. நுரையீரலில் சுத்தமான ரத்தம் முதலில் இடது மேலறைக்கு வரும், அங்கிருந்து இடது கீழறைக்கு இறங்கும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு இதழோடு இருப்பது மைட்ரல் வால்வு. நன்றாக இருக்கும் வால்வு திறந்தால் 4 முதல் 6 சதுர செ.மீ. வழி கிடைக்கும். ஒரு பத்து ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அந்த அளவு. 1.5 சதுர செ.மீ. அல்லது அதற்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம் என்கிறார்கள். 1 சதுர செ.மீ. என்பது சட்டைப் பொத்தான் அளவுதான். உடம்புக்கு வேண்டிய மொத்த ரத்தமும் அந்தப் பொத்தான் அளவு வழியில்தான் போயாக வேண்டும். போக முடியாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்குகிறது. மூச்சு வாங்குவது அதனால்தான்.

தொண்டை வலியிலிருந்து இதயத்துக்கு எப்படிப் போகும்?

இதை நம்பாதவர்களே அதிகம். சிறு வயதில், பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டைப் புண் வரும். சிலருக்கு அது ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். இன்று முழங்காலில் வீங்கும், அது வற்றுவதற்குள் கணுக்காலுக்குப் போகும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். கிருமியை எதிர்க்க உடம்பு தயார் செய்த படை, கிருமிக்கும் நம் திசுவுக்கும் வித்தியாசம் தெரியாமல் வால்வையும் தாக்கிவிடுகிறது. மூட்டு வீக்கம் தடம் தெரியாமல் போய்விடும், வால்வில் விழுந்த தழும்பு போகாது. வருடக்கணக்கில் அது இறுகி, இரண்டு இதழ்களும் ஓரத்தில் ஒட்டிக்கொள்கின்றன.

சின்ன வயதில் அப்படி எதுவும் வந்ததாக வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லையே?

பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். ஐந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்த காய்ச்சலை யார் குறித்து வைத்திருப்பார்கள்? மூட்டில் காட்டாமல் நேராக இதயத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போவதும் உண்டு. ஞாபகம் இல்லை என்பதற்காக எக்கோவைச் சந்தேகப்பட வேண்டாம். ஒட்டிய இதழ் படத்தில் தெளிவாகத் தெரியும்.

மூச்சு வாங்கினால் ரத்தசோகை என்றுதானே சொல்வார்கள்?

அதுதான் என் ஆதங்கமும். இந்த நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். நம் பக்கத்துப் பெண்களுக்கு ரத்தசோகையும் கூடவே இருப்பதால் பழி முழுவதும் அதன் மேல் விழுந்துவிடுகிறது. என் நாத்தனார் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றியவர். உட்கார்ந்த வேலை என்பதால் மூச்சு வாங்குவது வெளியே தெரியவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இரண்டு படி ஏறினால் மட்டும் நின்றுவிடுவார். ஒரு கிளினிக்கில் இரண்டு வருடம் இரும்புச் சத்து டானிக் கொடுத்தார்கள், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. நானும் ஒரே தெருவில் இருந்துகொண்டு கவனிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் ராத்திரி, “படுத்தா அடைக்குது அண்ணி, ஒக்காந்துகினா தேவலாம்” என்றார். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

படுத்தால் இருமல், உட்கார்ந்தால் சுகம், வேகமாக நடந்தால் படபடப்பு, சளியில் ரத்தக் கீற்று, இவற்றில் எது இருந்தாலும் ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள். வேகமாக நடக்கும்போது மட்டும் திணறுவதற்கும் காரணம் இருக்கிறது. துடிப்பு வேகமானால் இரண்டு துடிப்புக்கு நடுவே வால்வு திறந்திருக்கும் நேரம் குறைந்துவிடும். வழியும் சின்னது, நேரமும் குறைவு. துடிப்பைக் குறைக்கும் மாத்திரையை டாக்டர் எழுதுவது இதற்காகத்தான்.

பலூன் சிகிச்சை எல்லாருக்கும் செய்யலாமா?

செய்ய முடியாது. முதலில் வால்வின் தரத்தைப் பார்ப்பார்கள். இதழ் எவ்வளவு அசைகிறது, எவ்வளவு தடித்திருக்கிறது, கீழே தாங்கும் நாண்கள் எவ்வளவு ஒட்டியிருக்கின்றன, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று நான்கு விஷயத்துக்குத் தலா 4 மார்க், மொத்தம் 16. இந்தப் பரீட்சையில் மார்க் குறைந்தால்தான் பாஸ். 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பலூனுக்கு நல்ல வால்வு. மேலே போகப் போகப் பலன் குறையும். 9, 10 என்றாலும் வயது, மற்ற நோய்கள் எல்லாம் பார்த்துச் சிலருக்குச் செய்வதுண்டு.

இரண்டாவது, வால்வில் ஏற்கெனவே கசிவு, அதாவது சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் திரும்புவது, அதிகம் இருந்தால் பலூன் கூடாது. சுருக்கத்தைத் திறக்கப் போய்க் கசிவு இன்னும் கூடிவிடும். அவர்களுக்கு ஆபரேஷன்தான்.

மூன்றாவது, மேலறையில் ரத்தக்கட்டி இருக்கக் கூடாது. ரத்தம் தேங்கும் இடத்தில் கட்டி உறைவது சகஜம். அதைச் சாதாரண எக்கோவில் முழுதாகப் பார்க்க முடியாது, வாய் வழியாக உணவுக்குழாயில் குழாய் விட்டுப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். வார்டில் இதற்கு ‘டீ’ என்று பெயர். “நாளைக்கு டீ எடுக்கணும், வெறும் வயித்துல இருக்கணும்” என்று நான் சொல்ல, ஒரு கணவர் விடியற்காலையில் தூக்குவாளி நிறைய டீ வாங்கி வந்து மனைவிக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டார். டெஸ்ட் தள்ளிப்போனது. அன்றிலிருந்து ‘வாய் வழி எக்கோ’ என்றே சொல்லப் பழகிக்கொண்டேன். கட்டி தெரிந்தால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

எப்படிச் செய்கிறார்கள்? மயக்கம் கொடுப்பார்களா?

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கிடையாது. வலது தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அந்த ஊசி எறும்புக் கடி போல இருக்கும், அப்புறம் அழுத்துவது மட்டும் தெரியும். தொடை ரத்தநாளம் வழியாக மெல்லிய குழாய் மேலே ஏறி இதயத்தின் வலது மேலறைக்குப் போகும். ஆனால் நமக்கு வேண்டியது இடது பக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர், அந்தச் சுவரில் ஒரு மெலிந்த இடம். அங்கே நீண்ட ஊசியால் துளையிட்டு இடது பக்கம் நுழைவார்கள். டாக்டரின் கைப்பழக்கத்துக்குச் சோதனை வைக்கும் இடம் இதுதான். அந்த நிமிடம் சிகிச்சை நடக்கும் கேத் லேப் அறையில் யாரும் பேச மாட்டார்கள்.

பிறகு பலூன் உள்ளே போகும். ஜப்பானிய இதய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே 1982இல் முதன்முதலாகப் பயன்படுத்தியது இது. அவர் பெயரில் இனோவே பலூன் என்பார்கள். வார்டு ஆயாக்கள் வாயில் ‘ஈனோ பலூன்’ ஆகிவிட்டது, வயிற்று உப்புசத்துக்குக் கலக்கிக் குடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இதன் சூட்சுமம் எல்லாம் ஊதும் விதத்தில் இருக்கிறது. முதலில் முன் பாதி மட்டும் உப்பும். அதைக் கீழறையிலிருந்து மெல்லப் பின்னால் இழுத்தால் வால்வில் போய்த் தடுக்கி நிற்கும். அடுத்துப் பின் பாதி உப்பும். இப்போது திரையில் அது அசல் உடுக்கை மாதிரி இருக்கும், இரண்டு பக்கமும் பருத்து நடுவில் ஒடுங்கி. அந்த ஒடுங்கிய இடுப்பில்தான் சுருங்கிய வால்வு சிக்கியிருக்கிறது. கடைசி அழுத்தத்தில் இடுப்பு சட்டென்று மறைந்து பலூன் உருளையாகிவிடும். ஒட்டிக் கிடந்த இதழ்கள் ஓரத்தில் பிரிந்துவிட்டன என்று அர்த்தம். உடனே பலூனை வற்றவைத்துவிடுவார்கள். இதெல்லாம் ஒரு சில விநாடி. அந்த விநாடிகளில் ரத்த ஓட்டம் தடைபடுவதால் கண் இருட்டிக்கொண்டு வரலாம், பயப்பட வேண்டாம்.

பலூன் அளவுக்கு உங்கள் உயரம்தான் கணக்கு. உயரத்தைச் செ.மீ.யில் எடுத்துப் பத்தால் வகுத்துப் பத்தைக் கூட்டினால் மி.மீ. அளவு வரும். 150 செ.மீ. என்றால் 25 மி.மீ. அட்மிஷன் அன்று உயரம் அளப்பதை ஏதோ சடங்கு என்று நினைத்துச் செருப்போடு நிற்காதீர்கள். அந்த அளவுக்கு ஒரேயடியாக ஊதவும் மாட்டார்கள். கொஞ்சம் குறைவாக ஊதி, எக்கோவில் கசிவு வந்திருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் அடுத்த சுற்று.

பலூன் உள்ளேயே இருக்குமா? ஸ்டென்ட் மாதிரி ஏதாவது வைப்பார்களா?

“இன்னா சிஸ்டர், உள்ளயே விட்ருவாங்களா?” என்று கேட்காத ஆள் இல்லை. ஒன்றும் இருக்காது. வேலை முடிந்ததும் எல்லாம் வெளியே வந்துவிடும். உங்கள் பழைய வால்வேதான் உள்ளே இருக்கிறது, கொஞ்சம் நன்றாகத் திறக்கிறது, அவ்வளவுதான். சிகிச்சைக்குப் பிறகு 1.5 சதுர செ.மீ.க்கு மேல் கிடைத்துக் கசிவும் பெரிதாக இல்லையென்றால் வெற்றி என்பார்கள். 2 கிடைத்தால் மிக நல்லது. பழைய எவர்சில்வர் பத்துப் பைசா ஞாபகம் இருக்கிறதா? அந்த அளவு. பத்து ரூபாய்க் காசு அளவுக்குத் திரும்பிப் போகாது. ஆனாலும் அன்று ராத்திரியே பலர் ஒற்றைத் தலையணையில் படுத்துத் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

டிவியில் காட்டுகிறார்களே, தொடை வழியாகப் புது வால்வே வைப்பது, அது இல்லையா?

அது பெரும்பாலும் வயதானவர்களுக்குச் சுண்ணாம்பு படிந்து அயோர்டிக் வால்வு, அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் கதவு, சுருங்கும்போது செய்வது. ருமாட்டிக் நோயால் ஒட்டிய மைட்ரல் வால்வுக்குப் பலூன்தான் பொருத்தம்.

ஆபத்து எவ்வளவு?

இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழகிய கையில் உயிராபத்து நூறில் ஒன்றுக்கும் குறைவு. இதழ் ஓரத்தில் பிரியாமல் நடுவில் கிழிந்து கசிவு பெரிதாவது நூறில் சிலருக்கு நடக்கும், அவர்களில் சிலருக்கு உடனே வால்வு மாற்று ஆபரேஷன் வேண்டியிருக்கும். துளையிடும்போது இதயத்தைச் சுற்றிய உறையில் ரத்தம் கட்டுவதும், கட்டி சிதறிப் பக்கவாதம் வருவதும் அரிதானவை, நூறில் ஓரிருவருக்கு வரக்கூடியவை. கையெழுத்துப் போடும் தாளில் இதெல்லாம் இருக்கும். அதைப் படித்துவிட்டு, “கசிவு வந்தால் இங்கேயே ஆபரேஷன் செய்ய ஆள் இருக்கிறார்களா?” என்று தயங்காமல் கேளுங்கள். நடுச்சுவரில் போட்ட துளை பெரும்பாலும் சில மாதத்தில் தானே மூடிக்கொள்ளும்.

எத்தனை நாள் இருக்க வேண்டும்?

சிக்கல் இல்லையென்றால் இரண்டு மூன்று நாள். சிகிச்சை முடிந்த சில மணி நேரம் காலை மடக்கக் கூடாது.

எங்கள் பாட்டிக்கு நெஞ்சைத் திறந்து விரல் விட்டு எடுத்ததாகச் சொல்வார்களே?

கட்டுக்கதை இல்லை, நிஜம். இடது விலா எலும்புகளுக்கு நடுவே திறந்து, இதயத்தை நிறுத்தாமலே, மேலறையில் சிறு வாய் வைத்து விரலை உள்ளே விட்டு ஒட்டிய இதழைத் தடவிப் பார்த்துப் பிரிப்பார்கள். கூடவே விரிக்கும் கருவியும் போகும். மூடிய முறை ஆபரேஷன் என்று பெயர். வேலூருக்கு இதில் பெரிய இடம் உண்டு. இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1949இல் நெஞ்சு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். இந்த மூடிய முறையில் 3,724 பேருக்கு அங்கே செய்த ஆபரேஷன்களின் பலனை அங்கிருந்த மருத்துவர் ஸ்டான்லி ஜானும் குழுவினரும் 1983இல் வெளியிட்டார்கள். அப்போது வடாற்காடு ஒரே மாவட்டம், மலையிலிருந்தும் கிராமத்திலிருந்தும் இருபது வயதுகூட ஆகாத பெண்கள் எல்லாம் இந்தச் சுருக்கத்தோடு வந்தார்கள். பலூன் பிரிப்பதும் இதழ்கள் ஒட்டிய அதே ஓரத்தைத்தான். விரல் போன வழி மாறியிருக்கிறது, நெஞ்சில் தழும்பு இல்லை.

நோய் குறைந்தும் இருக்கிறது. 2001–02இல் வேலூர் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் 2 லட்சத்து 29 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, ருமாட்டிக் இதய நோய் ஆயிரத்துக்கு 0.68 பேருக்குத்தான் இருந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் இன்றைக்கு முப்பதைத் தாண்டியவர்கள், மூச்சு வாங்க ஆரம்பிக்கிற வயது.

கர்ப்பமாக இருக்கும்போது தெரிந்தால்?

இப்படித் தெரியவருவதுதான் மிகவும் சகஜம். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடும், துடிப்பும் வேகமாகும். அதுவரை சமாளித்த பொத்தான் வழி ஐந்தாம் ஆறாம் மாதத்தில் கைவிட்டுவிடும். மாத்திரையில் அடங்காவிட்டால் கர்ப்பத்திலேயே பலூன் செய்யலாம். முடிந்தவரை 20 வாரம் தாண்டிச் செய்வார்கள், வயிற்றைச் சுற்றி ஈயக் கவசம் போட்டு, எக்ஸ்ரே நேரத்தைக் குறைத்து. ‘கதிர் பட்டால் குழந்தை என்னாகும்’ என்று மாமியார் வீட்டில் தடுப்பார்கள். தாய்க்கு மூச்சு முட்டினால் குழந்தைக்கும் முட்டும் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். பிரசவம் முடிந்த முதல் ஓரிரு நாளும் ஆபத்தான நேரம், சீக்கிரம் டிஸ்சார்ஜ் கேட்கக் கூடாது.

கல்யாணத்துக்கு முன்பே நோய் தெரிந்த பெண்கள், வால்வைச் சரிசெய்துகொண்டு பிறகு கர்ப்பமாவது நல்லது. மாப்பிள்ளை வீட்டில் மறைத்துக் கல்யாணம் செய்து, ஏழாம் மாதத்தில் ஆம்புலன்ஸில் வந்தவர்களை எண்ணிக்கையில் அடக்க முடியாது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எல்லாருக்கும் உண்டா? கீரை சாப்பிடலாமா?

துடிப்பு தாளம் தப்பிப்போனவர்களுக்கும், கட்டி இருந்தவர்களுக்கும் உண்டு. வார்ஃபரின், அசிட்ரோம் என்று எழுதியிருக்கும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். முருங்கைக்கீரையை அறவே விட வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை என்றால் எப்போதும் வாரம் ஒரு முறையே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, மரம் தழைத்தது என்று ஒரு வாரம் முழுக்கச் சாப்பிட்டால்தான் அளவு குலையும். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை கீரையை விடப் பெரிய ஆபத்து, ரத்தக்கசிவு வரும்.

ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைக்கு மாற்றச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். ருமாட்டிக் வால்வு நோயோடு தாளம் தப்பியவர்களுக்குப் பழைய மாத்திரையே மேல் என்று 2022இல் வெளிவந்த இன்விக்டஸ் என்ற பெரிய ஆய்வு காட்டியது. அலைச்சல்தான், ஆனால் மாற்றிக்கொள்ள வேண்டாம். மாதவிலக்கு தள்ளிப்போனால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், வார்ஃபரின் முதல் மூன்று மாதத்தில் கருவைப் பாதிக்கும்.

செலவு?

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், வருடத்துக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் பதிய வேண்டும். அட்மிஷனுக்கு முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் அனுமதி கேட்டுவிடுங்கள். படுத்த பிறகு ஓடினால் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டிவரும்.

மறுபடியும் சுருங்குமா?

சுருங்கலாம். நல்ல வால்வு பத்து, இருபது வருடம் தாங்கும். சிலருக்கு இரண்டாவது தடவையும் பலூனே செய்வார்கள், சிலருக்கு ஆபரேஷன். நாத்தனாருக்கு இது பதினோராவது வருடம். குடம் தூக்குவதில்லை, வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டது. வருடம் ஒரு எக்கோ.

பலூன்தான் போட்டாச்சே, பெனிசிலின் ஊசி எதுக்கு?

என் கோபத்தைக் கிளப்பும் கேள்வி இது. பலூன் திறந்தது பழைய தழும்பை. அடுத்த தொண்டைப் புண் வந்தால் உடம்பு மறுபடியும் அதே வால்வைத் தாக்கும். அதைத் தடுப்பதற்குத்தான் பெனிசிலின். 12 லட்சம் யூனிட், 21 நாளைக்கு ஒரு முறை, இடுப்பில். எடை குறைந்த பிள்ளைகளுக்குப் பாதி. வால்வு பழுதானவர்கள் குறைந்தது 40 வயது வரை போட வேண்டும், சிலருக்கு அதற்கு மேலும்.

வலிக்கும், ஒத்துக்கொள்கிறேன். மருந்து சுண்ணாம்புக் கரைசல் மாதிரி கெட்டியாக இருக்கும். நன்றாகக் குலுக்கிக் கரைத்து, உடனே போட வேண்டும், தாமதித்தால் ஊசி அடைத்துக்கொள்ளும். ஒவ்வாமைக்குப் பயந்து சில கிளினிக்கில் போட மறுப்பார்கள். டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டுங்கள், போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லிவிட்டு, போட்ட இடத்தைக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

21 நாளை எப்படி ஞாபகம் வைப்பது?

சரியாக மூன்று வாரம் என்பதால் கிழமை மாறாது. முதல் ஊசி புதன் என்றால் எல்லா ஊசியும் புதன்தான். ஆடி, அமாவாசை, ஊர்த் திருவிழா எது வந்தாலும் அது புதன்தான். தினக் காலண்டரில் வருடம் முழுதுக்கும் முன்கூட்டியே அந்தத் தாள்களின் மூலையை மடித்து வையுங்கள். செவ்வாய்க்கிழமை ஊசி ஆகாது என்று நினைக்கும் வீடாக இருந்தால், முதல் ஊசியையே வேறு கிழமையில் போட்டுக்கொள்ளுங்கள்.